சுஷி கடையும் இட்லிப் பானையும்: எது இண்டி கேம்?

2023-ல் ‘த கேம் அவார்ட்ஸ்’ பரிந்துரைப் பட்டியல் வெளியானதும் ரசிகர்களிடையே சண்டை மூண்டது. சிறந்த இண்டி (சுதந்திரத் தயாரிப்பு) கேம் பிரிவில் ‘டேவ் த டைவர்’ இடம்பெற்றிருந்ததுதான் காரணம். பகலில் கடலுக்குள் மீன் பிடித்து, இரவில் சுஷி கடை நடத்தும் கேம் அது. பழைய பாணி பிக்ஸல் படங்கள், விலையும் குறைவு. பார்த்தால் நாலு நண்பர்கள் சேர்ந்து செய்தது போலிருக்கும். ஆனால், செய்தது மின்ட்ராக்கெட். டோக்கியோ பங்குச்சந்தையில் இருக்கும் நெக்ஸான் என்ற பெருநிறுவனத்தின் பிரிவாக அப்போது இருந்தது. நல்ல கேம்தான், சந்தேகமில்லை. ஆனால், இண்டி அல்ல.

இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் வினை இது. முடிவெடுப்பது யார்? செலவானது எவ்வளவு? முதல் கேள்விக்கான பதில்தான் இண்டி. டபுள் ஏ, அதாவது நடுத்தர பட்ஜெட் என்பது இரண்டாவது கேள்விக்கானது. பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் ‘பால்டர்ஸ் கேட் 3’-ஐத் தானே தயாரித்துத் தானே வெளியிட்டது. அந்த வகையில் அதுவும் சுதந்திரப் படைப்புதான். ஆனால், அதற்கு உழைத்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். எரிக் பரோன் என்ற தனிமனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து உருவாக்கிய ‘ஸ்டார்டூ வேலி’யை அதோடு ஒரே தராசில் வைக்க முடியுமா?

2025-ல் அதே ‘த கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிக்கல் இன்னும் முற்றியது. பிரான்ஸின் சாண்ட்ஃபால் செய்த ‘எக்ஸ்பெடிஷன் 33’ ஆண்டின் சிறந்த கேம் விருதோடு இண்டி விருதையும் தட்டிச்சென்றது. மையக் குழுவில் ஏறத்தாழ 30 பேர். பட்ஜெட் 1 கோடி டாலருக்கும் குறைவு என்கின்றன செய்திகள். ஆனால், குரல் கொடுத்தவர்களில் சார்லி காக்ஸ், ஆண்டி செர்கிஸ் போன்ற நட்சத்திரங்கள் உண்டு. வெளியிட்டது கெப்ளர் நிறுவனம். விலை 50 டாலர். என் கணக்கில் அது டபுள் ஏ. அப்படிச் சொல்வதில் எந்த இழிவும் இல்லை. நடுத்தர பட்ஜெட்டிலும் உச்சம் தொடலாம் என்று காட்டியதுதான் அதன் பெருமை.

இந்தப் பாகுபாடு ஏன் முக்கியம் என்பதை ‘வெண்பா’ சொல்லும். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. செய்தது டொராண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கும். ஆவி தடைபடாமல் இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதை ஆடுபவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நம் அடுக்களையை அறிந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய புதிர். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது இதற்குக் கிடைத்தது. பெரிய பணம் நுழையாத பிரிவுகள் இருந்தால்தான் இத்தகைய படைப்புகள் உலகின் கண்ணில் படும்.

வழி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் சுதந்திரத் திரைப்படங்களுக்கான ஸ்பிரிட் விருதுகளில் பட்ஜெட் வரம்பு உண்டு: 3 கோடி டாலர். 10 லட்சம் டாலருக்குள் எடுத்த படங்களுக்குத் தனி விருதும் உண்டு. தொகை கேமுக்குத் தக்கபடி மாறலாம். அந்த முறையை கேம் விருதுக் குழுக்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். போட்டிக்கு வரும் நிறுவனங்களிடம் உரிமையாளர் யார், செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். கேம் விற்பனைத் தளமான ஸ்டீமில் ‘இண்டி’ முத்திரையைப் பார்த்தால், டெவலப்பர், பப்ளிஷர் என்ற இரண்டு வரிகளையும் படித்துவிட்டு வாங்குங்கள்.