மனிதரைச் சுருக்கிய பெயர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பெயர்கள் நாலைந்து வரும், மிரள வேண்டாம். இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஜப்பானில் 2019 முதல் ஓடுவது ரெய்வா ஆண்டு. இப்போதெல்லாம் ஒரு பேரரசருக்கு ஒரே பெயர்தான். 1868-க்கு முன்பு அப்படியில்லை. வால்மீன் தெரிந்தால், தீ பிடித்தால், கொள்ளைநோய் வந்தால் ஆண்டுப்பெயரை மாற்றிவிடுவார்கள். காலம் சரியில்லை என்று நாம் அலுத்துக்கொண்டு விட்டுவிடுவோம். அவர்கள் காலத்துக்கே புதுப் பெயர் வைத்துப் பார்த்தார்கள். 1232-ல் கைக்குழந்தையாக அரியணை ஏறிய ஷிஜோ பேரரசரின் பத்து வருடத்துக்குள் ஏழு பெயர்கள் புழங்கின என்றால் பாருங்கள்.

அந்த ஏழில் ஒன்றுதான் ரியாகுனின். 1238 டிசம்பர் 30-ல் தொடங்கி, 1239 மார்ச் 13-ல் முடிந்தது. இரண்டரை மாதம்கூட இல்லை. ஆனாலும் அதற்கு முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று இரண்டு ஆண்டுகள் உண்டு. நடுவில் புத்தாண்டு வந்துவிட்டதே!

பெயர் வைப்பது ஏனோதானோ காரியம் அல்ல. சீன நூல்களைக் கரைத்துக் குடித்த அரண்மனைப் பண்டிதர்கள், பழைய நூலில் இன்ன இடத்தில் வருகிறது என்ற ஆதாரத்தோடு இரண்டிரண்டு எழுத்தாகப் பெயர்களைக் கொடுப்பார்கள். பிரபுக்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் குற்றம் தேடுவார்கள். பேரரசருக்கு அப்போது 7 வயது. அரண்மனையில் சொல் எடுபட்டது அவருடைய தாய்வழிப் பாட்டனார் குஜோ மிச்சியே என்பவருக்கு. பேரன் கியோத்தோவில் பேரரசர், மகன் காமகுராவில் ஷோகுன், அதாவது போர்வீரர் அரசின் தலைவர். இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன வேண்டும்?

இத்தனை பேர் சலித்தும் ஒரு கல் தங்கிவிட்டது. ரியாகு என்றால் நாள்காட்டி, நின் என்றால் கருணை. எழுத்தில் பார்த்தால் மங்களம்தான். ஆனால் சீன எழுத்தில் ஒரே ஒலிக்குப் பல எழுத்து. காதால் மட்டும் கேட்டால் ரியாகு என்பது 'சுருக்கு', 'கவர்ந்துபோ' என்றும், நின் என்பது 'மனிதர்' என்றும் ஆகும். மனிதர்கள் அருகிப்போவார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. பெயரை மாற்றியதற்கு இந்தப் பேச்சைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

வெறும் சிலேடைக்கா இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். அதற்கு ஏழெட்டு வருடம் முன்னால் போக வேண்டும். 1230-ல் கோடையிலேயே பனி விழுந்து பயிர் கருகியது. 1231-ல் காங்கி பஞ்சம். தெருவில் பிணம் கிடந்தது. பசி தாளாமல் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டார்கள். சோறு போட்டவரே அவர்களை அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று காமகுரா அரசும் விட்டுப்பிடித்தது. இன்னொன்று: பழைய சட்டநூலில் ஆளைக் கடத்தும் குற்றத்தை எழுதுவதே 'கவர்ந்துபோ', 'மனிதர்' என்ற அந்த இரண்டு எழுத்துகளால்தான். அண்டை வீட்டுப் பிள்ளை காணாமல் போனதைப் பார்த்தவர் காதில் அந்தப் பெயர் எப்படி விழுந்திருக்கும்? இது என் ஊகம்தான். ஆனால் 1239-ல், பெயர் மாறிய சில மாதங்களுக்குள், பஞ்சகாலச் சலுகையை நிறுத்தி ஆள் விற்பனைக்கு காமகுரா மறுபடி தடை போட்டது என்பது ஊகமல்ல.

அடுத்து வந்த பெயர் என்னோ. நினைவில் வைக்கச் சொன்ன இரண்டாவது பெயர் இதுதான். அது பிறந்து 15 நாளில், தோற்ற போருக்காக 1221-ல் ஓகி தீவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்த முன்னாள் பேரரசர் கோ-தோபா அங்கேயே இறந்தார். என்னோவும் ஒன்றரை வருடத்துக்குள் போய் நின்ஜி வந்தது.

நின்ஜியில்தான் சிறுவன் ஷிஜோவின் கதை முடிகிறது. அரண்மனை ஆட்கள் வழுக்கி விழுவதைப் பார்த்துச் சிரிக்க, நடைக்கூடத்தில் மாக்கல் தூளைத் தூவச் சொன்னானாம். அவனே வழுக்கி விழுந்தானாம். 1242-ல், 10 வயதில், வாரிசில்லாமல் இறந்தான். அடுத்தது யார் என்று காமகுரா முடிவு சொல்லும்வரை 11 நாள் அரியணை காலி. அந்த 11 நாளும் கடிதங்களில் நின்ஜி மூன்றாம் ஆண்டு என்றே தேதி போட்டார்கள்.