தாள் போகும் பாதை

டீ சொல்லியாயிற்று. அது வருவதற்குள் உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்வோம். வக்கீல் அலுவலகத்துக்கு ஸ்கேனர் தனியாக வாங்குவதா, பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் மூன்றையும் செய்கிற ஆல்-இன்-ஒன்னே போதுமா?

கடையில் கேட்டால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற டி.பி.ஐ. கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். இதில் 600, அதில் 1200 என்பார்கள். அந்த எண்ணை ஒதுக்கி வையுங்கள். ஆவணத்துக்கு 300 போதும். எழுத்தைப் படித்துத் தேடத்தக்க பி.டி.எஃப். ஆக்கும் மென்பொருளுக்கும் அதுவே போதும். இன்றைக்கு விற்கும் மலிவான இயந்திரம்கூட அதை எடுத்துக் கொடுத்துவிடும். படத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தாள் உள்ளே போய் வெளியே வருகிற பாதையில்தான் இருக்கிறது.

கேஸ் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். மேலே புதிய ஏ4 தாள். நடுவில் பழைய டைப் அடித்த மெல்லிய கார்பன் பிரதி. அடியில் முத்திரைத்தாள். இத்தனை விதத் தாளையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்க வேண்டும். ஆல்-இன்-ஒன்னின் தலையில் இருந்து தாளைத் தானாக இழுக்கும் ஏ.டி.எஃப். ஒரே மாதிரியான நல்ல தாளுக்குச் சரி. இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும் என்றால், பல மாடல்கள் தாளை உள்ளேயே புரட்டிப்போட்டு மறுபடி இழுக்கும். கார்பன் பிரதி அங்கேதான் கசங்கும். சில மாடல்கள் ஒரு பக்கம் மட்டுமே எடுக்கும். கண்ணாடி மேசை இல்லாமல் ரோலரால் தாளை இழுக்கும் தனி ஸ்கேனரில் பொதுவாகப் பாதையின் இருபுறமும் சென்சார் இருப்பதால், தாள் ஒருமுறை கடந்தாலே இரண்டு பக்கமும் பதிவாகிவிடும்.

அதைவிட முக்கியமானது, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போவது. இருநூறு பக்கக் கட்டில் ஒரு பக்கம் விடுபட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வாய்தா அன்று நீதிபதி அந்தப் பக்கத்தைக் கேட்கும்போதுதான் தெரியும். நல்ல தனி ஸ்கேனர்களில் இதற்கு அல்ட்ராசோனிக் சென்சார் உண்டு. தாளின் ஒரு பக்கத்திலிருந்து ஒலியை அனுப்பி, மறு பக்கத்தில் வாங்கிப் பார்க்கும். இரண்டு தாளாக இருந்தால் நடுவில் உள்ள காற்று ஒலியை மிகவும் குறைத்துவிடும். இயந்திரம் உடனே நின்றுவிடும். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய தாளையும் சில நேரம் இரட்டைத் தாள் என்று நினைத்து நிற்கும். அந்தத் தாளுக்கு மட்டும் சோதனையை அணைத்துக்கொள்ளலாம். தனி ஸ்கேனருக்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு இந்த ஒரு வசதியே போதும்.

நீளத்தையும் பாருங்கள். ஏ4 தாள் 297 மி.மீ.; லீகல் சைஸ் ஏறக்குறைய 356. சின்ன ஆல்-இன்-ஒன்களின் கண்ணாடி ஏ4-உடன் முடிந்துவிடும். பழைய பத்திரத்தை அதில் வைத்தால் அடியில் இருக்கும் கையெழுத்தும் சாட்சிகளும் வெட்டுப்படும்.

அதற்காகக் கண்ணாடியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தைத்த மூலப் பத்திரத்தையும் மடிப்பில் கிழியப் பார்க்கும் தாளையும் ரோலரில் விடவே கூடாது. கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஆதாருக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டால், அதற்கும் தனி ஸ்கேனரால் உபயோகம் இல்லை.

இன்னொரு சங்கடம். மூன்று வேலையும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் ஒன்று படுக்கும்போது மூன்றும் படுக்கும். மை தீர்ந்தால் ஸ்கேனும் நின்றுபோகிறது என்று 2021-ல் அமெரிக்காவில் கேனன் நிறுவனத்தின் மீது வழக்கே போட்டார்கள். ரிப்பேர் இல்லாத நாளிலும் இடைஞ்சல் உண்டு. காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் குமாஸ்தா பழைய கட்டை ஸ்கேன் செய்துகொண்டிருப்பார். உங்களுக்கோ அவசரமாக ஒரு மனு பிரிண்ட் வேண்டும்.

என் கருத்து இது: ஒன்றிரண்டு வக்கீல்கள், நாளுக்குப் பத்து இருபது தாள் என்றால் ஆல்-இன்-ஒன் போதும். ஆனால் ஏ.டி.எஃப். இருக்கட்டும், அது லீகல் தாளை ஏற்கட்டும், இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யட்டும். பீரோ நிறையப் பழைய கட்டுகள் காத்திருந்தாலோ, இ-ஃபைலிங்குக்குத் தினமும் நூறு பக்கம் போகிறதென்றாலோ, தனி ஸ்கேனரை வாங்கிவிட்டு, ஜெராக்ஸுக்கு ஒரு சாதாரண ஆல்-இன்-ஒன்னைப் பக்கத்தில் வையுங்கள். தனி ஸ்கேனரின் ரோலர் தேயும், மாற்ற வேண்டிவரும். அது ஊரில் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

எதை வாங்கினாலும், படத்தில் நெடுக ஒரு கோடு விழுந்தால் பழுதென்று பயப்பட வேண்டாம். ஏ.டி.எஃப். படிக்கும் ஒல்லியான கண்ணாடிப் பட்டையில் தூசியோ பசையோ ஒட்டியிருக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.

கடைக்குப் போகும்போது உங்களிடம் இருப்பதிலேயே மோசமான கட்டு ஒன்றைக் கொண்டு போங்கள். அசலாக இல்லாமல் பிரதியாக இருக்கட்டும். பின்களை எடுத்துவிட்டு, ஐம்பது தாளை எண்ணி உள்ளே விடச் சொல்லுங்கள். திரையில் எத்தனை பக்கம் வந்திருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.