பால் திரைஞ்சால்தான் பானம்! தெரியுமா?

பால் திரைந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? "ஐயோ, திரைஞ்சு போச்சு!" என்று ஒரு கூச்சல், அடுத்த நிமிடம் சட்டி கழுவப்பட்டிருக்கும். ஆனால் கொழும்பில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியரின் வீடுகளில் நத்தார் நெருங்கினால் பாலை வேண்டுமென்றே திரைய வைப்பார்கள், தெரியுமா? அதுவும் சாராயத்தையும் தேசிக்காய்ப் புளியையும் சேர்த்து! பெயர் மில்க் வைன். பெயரில்தான் வைன். ஊற்றுவது தென்னஞ்சாராயம். வடித்து எடுத்தால் பாலின் வெண்மை துளியும் இல்லாமல் பொன்னிறத்தில் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும்!

முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையும் ஒரு காலத்தில் பறங்கியர் நிறைந்து வாழ்ந்த பகுதிகள். களனி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே 'விஸ்ட் பங்களா' என்று ஒரு பழைய மாளிகை உண்டு. விஸ்ட் என்பது ஒரு சீட்டாட்டம்! 19ஆம் நூற்றாண்டில் பறங்கியரான சர் ரிச்சர்ட் மோர்கன் அங்கே வாழ்ந்தார். சீட்டாட்டத்தின் பெயரையே தாங்கிய வீட்டில் குவளைகள் காலியாக இருந்திருக்கும் என்று நான் நம்பத் தயாரில்லை.

பாலைத் திரைய வைத்துப் பானம் செய்வது கொழும்பில் மட்டும் உள்ள வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் மேரி ராக்கெட் என்ற பெண்ணின் மில்க் பஞ்ச் செய்முறை 1711ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மின்னலைப் பட்டம் விட்டுப் பிடித்தாரே பெஞ்சமின் பிராங்க்ளின், அவர் 1763இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதே பானத்தின் செய்முறையை அனுப்பியிருக்கிறார். எத்தனை எலுமிச்சம்பழத்தின் தோல் தெரியுமா? நாற்பத்து நான்கு!

சரி, வெள்ளைப் பால் எப்படிக் காணாமல் போகிறது? பாலில் கேசீன் என்ற புரதம் இருக்கிறது. தேசிக்காய்ப் புளி பட்டதும் அது கட்டி கட்டியாகச் சேர்கிறது. சேரும்போது சும்மா சேர்வதில்லை. தேயிலையில், மரப்பீப்பாயில், திராட்சைத் தோலில் இருந்து வந்த துவர்ப்பையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு அடியில் உட்காருகிறது! மிஞ்சுவது தெளிந்த நீர். அதில் சாராயத்தின் எரிவு தணிந்திருக்கும், நாக்கில் வழுவழுப்பு கூடியிருக்கும். பிரிட்ஜ் இல்லாத காலத்திலும் போத்தலில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததற்குப் புளியும் சீனியும் சாராயமும் சேர்ந்ததே காரணம். ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் தேங்காய்ப்பால் இந்த வேலையைப் பசும்பால் போலவே செய்யாது. அதில் கேசீன் கிடையாது!

இதில் உண்மையான வைனையும் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் சாதாரண வைன் வேண்டாம். போர்ட், மதேய்ரா போன்ற செறிவூட்டிய வைன்தான் இதற்குப் பொருத்தம். போர்ட்டைச் செறிவூட்டுவது என்றால், திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே கடும் மதுவை ஊற்றி நொதிப்பை நிறுத்துவது. அதனால்தான் போர்ட் வைனில் பழத்தின் இனிப்பு அப்படியே தங்கியிருக்கிறது, மதுவும் 20 சதவீதமளவுக்கு நிற்கிறது.

மதேய்ராவின் கதை இன்னும் விசித்திரம்! கீழைத்தேயம் நோக்கி வந்த கப்பல்கள் வழியில் மதேய்ராத் தீவில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. வெப்பக் கடல்களைக் கடக்கையில் கப்பலின் அடித்தட்டில் வைன் மாதக்கணக்கில் வெந்தது. கெட்டுத்தானே போயிருக்கும்? இல்லை, முன்னைவிட அருமையாகிவிட்டது! விற்காமல் திரும்பி வந்த பீப்பாய்களைச் சுவைத்தவர்கள் அசந்துபோனார்கள். பிறகு பயணம் போய்வந்த வைனுக்கென்றே தனி மவுசு. இன்று கப்பல் ஏற்றுவதில்லை, கரையிலேயே சூடாக்கிவிடுகிறார்கள்.

நம் சாராயம் மட்டும் சளைத்ததா? களுத்துறைப் பக்கம் போனால் பாருங்கள், தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி அந்தரத்தில் நடந்தே பாளை சீவுகிறார்கள்! இறக்கிய சில மணி நேரத்தில் யாரும் எதுவும் போடாமலே கள் நொதிக்கிறது. வடித்த சாராயத்தை ஊற வைப்பது ஹல்மில்ல மரத் தொட்டிகளில். அந்த மரத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே 'திருகோணமலை மரம்'!

இனி எல்லாவற்றையும் விஞ்சும் செய்தி. இலங்கையில் பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979இல் மதுவரி அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை ரத்துச் செய்யச் சொன்னார்! ஆக, மில்க் வைன் போடுகிற பாட்டிக்குக் கைப்பக்குவம் இருந்தது. சட்டப்படி கடைக்குப் போய் ஒரு போத்தல் வாங்கத்தான் முடியவில்லை. இதைவிட அபத்தமான சட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

செய்து பார்க்க ஆசையா? 350 மில்லிலீட்டர் சாராயத்தில் இரண்டு அங்குலக் கறுவாத் துண்டு, நாலு கராம்பு, இரண்டு தேசிக்காயின் மெல்லிய தோல் போட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் வடித்து, 150 மில்லிலீட்டர் சிவப்புப் போர்ட், 200 மில்லிலீட்டர் கடும் பிளேன்டீ (ஆறியிருக்க வேண்டும்), 150 கிராம் சீனி, 100 மில்லிலீட்டர் தேசிக்காய்ப் புளி சேர்த்துக் கலக்குங்கள். இன்னொரு பாத்திரத்தில் 250 மில்லிலீட்டர் பசும்பாலைக் காய்ச்சி, சூடாக இருக்கும்போதே கலவையை அதற்குள் மெதுவாக ஊற்றுங்கள். திட்டுத் திட்டாகத் திரையும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்!

ஒரு மணி நேரம் கழித்து மஸ்லின் துணியில் வடியுங்கள். முதலில் இறங்குவது கலங்கலாக இருக்கும். அதைத் துணியில் தங்கிய திரைவின் மேலேயே திரும்ப ஊற்ற வேண்டும். அந்தத் திரைவுதான் இப்போது வடிகட்டி! துணியைப் பிழிந்தீர்களோ, பட்ட பாடெல்லாம் வீண். சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை பொறுங்கள். போர்ட்டின் கருஞ்சிவப்பில் பெரும்பகுதியைப் பால் விழுங்கிவிட்டிருக்கும். ஐஸ் கட்டி போட்டு, மேலே கொஞ்சம் சாதிக்காய் துருவிக் குடிக்கலாம். விலை கூடிய போர்ட் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், பாலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பௌர்ணமி நாளில் மதுக்கடைகள் பூட்டு. மார்கழி நத்தாரை நம்பியிருப்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கும் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் வேண்டாம். முக்கியமாக, பிரிட்ஜில் வைக்கும்போது போத்தலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். தெளிவாக, இனிப்பாக, பழச்சாறு மாதிரி இருக்கும். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்!