நாற்காலி எங்கே உடைகிறது?

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். நாற்காலியின் முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கிவிட்டு, பின்னங்கால்களில் மட்டும் சாய்ந்து ஆடிக்கொண்டே இருப்பான். "டேய், நேரா உக்காரு" என்று நான் சொன்னதற்குக் கணக்கில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் ஆய்வக அறையில் அவன் ஆடிய நாற்காலி உடைந்து, மல்லாந்து விழுந்தான். நல்லவேளை, அடி எதுவும் இல்லை. விழுந்தவனை எழுப்பிய கையோடு, வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி திட்டித் தீர்த்தேன். அரசாங்கச் சொத்து, பொறுப்பு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் எல்லாவற்றையும் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்து, இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. பின்பக்க அறையில் கிடந்த உடைந்த நாற்காலிகளை எண்ணினேன். மொத்தம் 11. அவற்றில் 9 நாற்காலிகள் ஒரே இடத்தில் உடைந்திருந்தன: பின்னங்கால் இருக்கையோடு சேரும் வெல்டிங்கில். ஒன்று உடைந்தால் அது பையனின் குறும்பு. ஒன்பதும் அதே இடத்தில் விட்டுப்போனால்? அறிவியல் ஆசிரியராக இருந்துகொண்டு இதை யோசிக்காமல் திட்டிவிட்டோமே என்று உறுத்தியது. அதன்பிறகுதான் நாற்காலிகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் பள்ளிகளில் இருக்கும் இரும்புக் குழாய் நாற்காலிக்கு ஏறக்குறைய நூறு வயது. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வசதியான வீடுகளில் நாற்காலி என்றால் செதுக்கு வேலை, மெத்தை, பட்டுத்துணி. எது தாங்குகிறது, எது அலங்காரம் என்று வெளியே தெரியாது. முதல் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. வீடுகள் சிறிதாயின. இயந்திரத்தில் ஏராளமாகச் செய்யக்கூடிய, எளிய, எடை குறைந்த பொருள்கள் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. அந்த எண்ணத்தைப் பாடமாக நடத்திய கலைப்பள்ளிதான், 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பாவ்ஹவுஸ்.

அங்கே மாணவராகச் சேர்ந்து, பிறகு தச்சுப்பட்டறைக்குப் பொறுப்பேற்றவர் ஹங்கேரியில் பிறந்த மார்செல் பிராயர். புதிதாக வாங்கிய சைக்கிளின் கைப்பிடி அவர் கண்ணில் பட்டது. இவ்வளவு லேசான குழாய் இவ்வளவு வளைந்தும் இத்தனை எடையைத் தாங்குகிறதே, இதில் ஏன் நாற்காலி செய்யக்கூடாது என்று யோசித்தார். 1925இல் வளைத்த எஃகுக் குழாயில் நாற்காலி செய்தபோது அவருக்கு வயது 23. நீளவாக்கில் இணைப்பே இல்லாத குழாய் தயாரிக்கும் முறையை மான்னஸ்மான் சகோதரர்கள் 1880களிலேயே கண்டுபிடித்திருந்ததும் இதற்கு உதவியது. இணைப்பு இருந்தால் வளைக்கும்போது அங்கேதான் பிளக்கும். உள்ளீடற்ற குழாய் அதே எடையுள்ள கம்பியைவிட வளைவை அதிகம் தாங்கும் என்பதை மூங்கிலைக் காட்டியே குழந்தைகளுக்கு விளக்கிவிடலாம்.

எனக்கான பதில் பிராயரிடம் இல்லை. பிரான்சின் நான்சி நகரத்துக் கொல்லர் ஒருவரிடம் இருந்தது. அவர் ழான் ப்ரூவே. அப்பா ஓவியர். மகன் இரும்புப் பட்டறையில் தொழில் கற்றவர். வீட்டைக் கட்டுவதும் நாற்காலி செய்வதும் ஒரே வேலைதான், இரண்டிலும் சுமை எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நாம் நாற்காலியில் உட்கார்ந்து சாயும்போது உடலின் மேற்பகுதி எடை பின்பக்கம் போகிறது. முதுகுச் சாய்மானம் ஒரு நீண்ட நெம்புகோல். அதன் மேல்முனையில் நாம் தள்ளும் விசையின் திருப்புத்திறன், பின்னங்காலும் இருக்கையும் சேரும் இடத்தில்தான் மிக அதிகம். முன்னங்கால்களைத் தூக்கி ஆடினால் மொத்த எடையும் அந்த இரண்டு கால்களுக்கே.

ப்ரூவே 1934இல் வடிவமைத்த நாற்காலியைப் படத்தில் பார்த்தவுடனே இது புரிந்துவிடும். முன்னங்கால்கள் மெல்லிய குழாய். பின்னங்கால்கள் அப்படியில்லை. எஃகுத் தகட்டை மடித்து, உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்தவை. இருக்கை மட்டத்தில் மிக அகலமாக இருந்து, தரையை நோக்கிப் போகப்போகக் குறுகும். சுமை அதிகமான இடத்தில் இரும்பு அதிகம், குறைவான இடத்தில் குறைவு. போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இதே உருவத்தை மரத்திலேயே செய்தார்.

இந்த நாற்காலிகள் இன்றும் ஏன் பிடித்துப்போகின்றன என்பதற்கு 'எளிமை அழகு' என்ற பதிலே அதிகம் கிடைக்கிறது. எனக்கு அது போதவில்லை. நாலு குழாயை வெட்டி ஒட்டிய எங்கள் ஆய்வக நாற்காலியும் எளிமையானதுதான். ப்ரூவேயின் நாற்காலியில் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு 'இது ஏன் இப்படி?' என்று கேட்டால் பதில் வருகிறது. எங்கள் நாற்காலியில் பின்னங்கால் ஏன் முன்னங்கால் அளவிலேயே இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

எல்லோருக்கும் என்று தொடங்கிய பொருள்கள் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்பது வேறு கதை. ப்ரூவே பள்ளிகளுக்கும் மாணவர் விடுதிக்கும் செய்த மேசை நாற்காலிகளை இன்று வெளிநாட்டு ஏலங்களில் பெரும் பணக்காரர்கள் வாங்குகிறார்கள். அவரோடு சேர்ந்து பணியாற்றிய பியர் ஜான்னரே 1950களில் சண்டிகருக்கு வந்து, அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகளை வடிவமைத்தார். பிற்காலத்தில் அவை பழையவை என்று மொட்டைமாடிகளில் குவிக்கப்பட்டு, சொற்ப விலைக்குக் கழிக்கப்பட்டன. வாங்கியவர்கள் பழுதுபார்த்து வெளிநாடுகளில் லட்சக்கணக்கில் விற்றார்கள். கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் இப்போது எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

உடைந்த நாற்காலிகளில் மூன்றை எட்டாம் வகுப்புக்குள் கொண்டுவந்து வைத்தேன். அளவுகோலை மேசை விளிம்பில் பிடித்து வளைத்துக் காட்டிவிட்டு, சுமை எங்கே அதிகமோ அங்கே சாக்பீஸால் குறியிடச் சொன்னேன். அந்த மாணவன் நேராக வந்து பின்னங்கால் இணைப்பில் வட்டம் போட்டான். "டீச்சர், இது உடையறதுக்கு முன்னாடியே கிறீச்சுனு சத்தம் வரும்" என்றான். எங்களில் யாருக்கும் தெரியாத தகவல் அது. அன்று திட்டியதற்கு அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். அவன் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

இணைப்பில் ஒரு முக்கோணத் தகடு வைக்கலாம் என்பது ஒரு மாணவியின் யோசனை. தலைமை ஆசிரியர் சம்மதித்தார். தெருமுனை வெல்டிங் கடைக்காரர் பழைய தகட்டை வெட்டி ஆறு நாற்காலிகளுக்கு வைத்துக்கொடுத்தார். மற்ற ஐந்தில் இருக்கையே பிளந்திருந்ததால் கழிக்கத்தான் வேண்டியிருந்தது. அவன் இன்னமும் சாய்ந்து ஆடுகிறான். நானும் "நேரா உக்காரு" என்கிறேன். கிறீச் சத்தம் கேட்டால் மட்டும் அவனே எழுந்து வந்து சொல்லிவிடுகிறான்.