வீண்வேலை விலக்கல்

விரைந்து முடிக்க விரும்புவோன் விரைந்து உழைத்தல் வேண்டுமென்பது உலகோர் கருத்து. ஆயின், செய்யவேண்டாதவற்றைச் செய்யாது விடுதலும் விரைவுக்கு ஒரு வழியே. இவ்வுண்மையைக் கணினித்துறைக் கருவியொன்று இனிது விளக்குகின்றது.

கணினிக்கு நிரல் எழுதுவோர் கையாளும் கருவி கோட் எடிட்டர் எனப்படும். அதன் பின்னின்று துணைபுரிவது லாங்குவேஜ் ஸர்வர். தொடங்கிய சொல்லை நிரப்பிக் காட்டுதல், பிழையைச் சுட்டுதல், ஒரு பெயர் எங்கே வரையறுக்கப்பட்டதெனக் காட்டுதல் ஆகியன இதன் தொழில்கள். இவ்விரண்டும் தம்முள் உரையாடும் பொதுமுறையை மைக்ரோஸாப்ட், ரெட் ஹாட், கோடென்வி என்னும் நிறுவனத்தார் 2016-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

எழுதுவோன் ஓரெழுத்தைத் தட்டுந்தோறும் நிரல் மாறுகின்றது. அப்போதெல்லாம் கோப்புக்கள் அனைத்தையும் முதலிலிருந்து ஆராயப் புகின், விடை கிட்டுமுன் அடுத்த எழுத்து வந்துவிடும். ரஸ்ட் என்னும் நிரல்மொழிக்குரிய ரஸ்ட்-அனலைஸர் இவ்விடரை எவ்வாறு கடக்கின்றது?

முதலாவது, கேளாத வினாவிற்கு அது விடை தேடுவதில்லை. இரண்டாவது, ஒருமுறை கண்ட முடிவைச் சேமித்து, அம்முடிவு எவற்றைச் சார்ந்ததென்பதையும் உடன் குறித்துவைக்கின்றது. சார்ந்தவை மாறாதவரை பழைய முடிவே போதும். மூன்றாவது, மாற்றம் எங்கே நின்றுவிடுகின்றதென நோக்குகின்றது. நூலொன்றில் ஓரியலினுள்ளே ஒரு சொல்லைத் திருத்தினோமென்க. இயலின் பெயரும் பக்கவெண்ணும் மாறாதிருப்பப் பொருளடக்கத்தைப் புதிதாய் எழுதுவாருண்டோ? அவ்வாறே, ஒரு செயற்கூற்றின் உள்ளுடல் மாறினும், அதன் பெயரும், அது ஏற்பனவும் தருவனவுமாகிய பொருள்வகைகளும் மாறாவிடின், அதனை அழைக்கும் பிற பகுதிகளை மீண்டும் ஆராயவேண்டுவதில்லை. நான்காவது, ஆராய்ச்சி நடக்கும்போதே புதிய மாற்றம் வரின், பயனற்றுப்போன அவ்வாராய்ச்சியை இடையிலே கைவிடுகின்றது.

இவை எளியனபோலத் தோன்றினும் எளியன அல்ல. சேமிப்புக்கு நினைவகம் செலவாகும். அன்றியும், வேண்டும் வேலையை வேண்டாததெனத் தவறாக விடுத்தால் பழைய முடிவு புதியதாக வழங்கப்படும். எழுதுவோனும் பொய்யை மெய்யென நம்புவான். தாமதமான மெய்யினும் விரைந்த பொய் கேடு மிகுந்தது. ஆதலின் எது எதனைச் சார்ந்ததென்னும் கணக்கிலே சிறிதும் வழுவலாகாது.

பெத்தானியாவின் சகோதரியர் இருவரை ஈண்டு நினைக்கலாம். மார்த்தாள் பற்பல பணிகளால் இளைத்தாள். மரியாளோ சும்மா இருந்தவளல்லள், கருத்தூன்றிக் கேட்டிருந்தாள். வேலையை விடுத்தல் வேறு, சோம்பல் வேறு. விடத்தக்கது இதுவென அறிதற்கும் விழிப்பான உழைப்பு வேண்டும். தேர்வுக் காலத்து மாணவராகிய நமக்கும் இது பொருந்துமன்றோ?