நீர் வெங்காயம்

தாய்லாந்தின் தென்பகுதியில் ரானோங், பங்ஙா ஆகிய மாகாணங்கள் உள்ளன. அங்குள்ள ஓடைகளில் மட்டுமே இயற்கையாக வளரும் ஒரு நீர்த்தாவரம், இன்று பல நாடுகளில் மீன்தொட்டிகளை அழகுபடுத்துகிறது. அதன் அடியிலுள்ள குமிழ் வெங்காயத்தைப் போல் இருப்பதால், அதனை ‘நீர் வெங்காயம்’ என்பர். பெயரில் வெங்காயம் இருந்தாலும் அது சமையலுக்கு ஆகாது. அதில் நச்சுத்தன்மை உண்டு.

இச்செடியை வளர்ப்பது கடினமன்று. ஆனால், நடும்போதுதான் பலர் தவறிவிடுகின்றனர். குமிழை முழுவதும் மணலில் புதைத்தால் அது அழுகிவிடக்கூடும். வேர்ப்பகுதி மணலுக்குள்ளும் குமிழின் பெரும்பகுதி வெளியிலும் இருக்குமாறு நட வேண்டும். வேருக்கு அருகில் உர மாத்திரை ஒன்றைப் புதைப்பது நல்லது. நாடா போன்ற இதன் இலைகள் 2 மீட்டர் வரை நீளக்கூடியவை. ஓடும் நீரில் அசைந்தாட வேண்டிய இலைகள் அல்லவா? சிறிய தொட்டியில் அவை நீர்ப்பரப்பை மூடி, கீழேயுள்ள செடிகளுக்கு ஒளி கிடைக்காமல் செய்துவிடும். எனவே, பெரிய தொட்டியே ஏற்றது.

பொறுமையும் தேவை. தாய்க்குமிழின் பக்கத்தில் சிறு குமிழ்கள் தோன்றப் பல மாதங்கள் ஆகலாம். ஓடையில் தோண்டி எடுப்பதோ ஒரே நாள் வேலை. இப்படி வணிகத்திற்காகக் குமிழ்கள் தோண்டப்பட்டன, ஓடைகளும் ஆழப்படுத்தப்பட்டன. இதனால், 2011ஆம் ஆண்டில் இத்தாவரம் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. குமிழ் வாங்குவோர், அது பண்ணையில் வளர்ந்ததா, ஓடையிலிருந்து எடுக்கப்பட்டதா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். அவருக்கு விடை தெரியாவிட்டால், ஏற்கெனவே இச்செடியை வளர்ப்பவரிடம் ஒரு சிறு குமிழைக் கேட்டுப் பெறலாம்.