உங்களுக்குத் தெரியுமா? அணுகுண்டு கிளம்பிய தீவு!

பசிபிக் கடலில் டினியன் என்று ஒரு குட்டித் தீவு. பரப்பளவு சுமார் 100 சதுர கிலோமீட்டர். 1945ல் உலகின் மிகப் பெரிய விமான தளம் இங்கேதான் இருந்தது!

தளத்தின் பெயர் நார்த் ஃபீல்டு. அருகருகே 4 ஓடுபாதைகள். ஒவ்வொன்றும் 8,500 அடி நீளம். நாலையும் சேர்த்தால் 10 கிலோமீட்டரைத் தாண்டும்!

அதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது? கரும்பு! தீவு ஜப்பான் வசம் இருந்தபோது எங்கு பார்த்தாலும் கரும்புத் தோட்டம்தான். 1944 ஜூலை 24ல் அமெரிக்கப் படை வந்து இறங்கியது. ஒன்பதே நாளில் தீவு கைமாறியது!

ஓடுபாதை போட ஜல்லி? கப்பலில் வரவில்லை. தீவின் பவளப் பாறையையே தோண்டி, நொறுக்கி, கொட்டி, மேலே தார் போட்டுவிட்டார்கள். போட்டது ‘சீபீஸ்’ எனப்படும் அமெரிக்கக் கடற்படைக் கட்டுமானப் படை!

தீவின் வடிவம் நியூயார்க்கின் மன்ஹாட்டனைப் போலவே இருந்ததாம். விடுவார்களா? பிராட்வே, 42வது தெரு, ரிவர்சைடு டிரைவ் என்று தெருக்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அணுகுண்டுத் திட்டத்தின் ரகசியப் பெயரும் மன்ஹாட்டன்தான்!

ஹிரோஷிமா குண்டின் எடை சுமார் 4,400 கிலோ. விமானத்தின் வயிற்றுக்கு அடியில் அதை நுழைக்கவே முடியாது. அதனால் தரையில் இரண்டு பள்ளங்கள் தோண்டினார்கள். குண்டு பள்ளத்துக்குள் போனது. விமானத்தைப் பின்பக்கமாகத் தள்ளி மேலே நிறுத்தினார்கள். கீழிருந்து ஹைட்ராலிக் லிஃப்ட் குண்டைத் தூக்கிக் கொடுத்தது!

1945 ஆகஸ்ட் 6. அதிகாலை 2.45. ‘ஏபிள்’ ஓடுபாதையில் இருந்து குண்டோடு எனோலா கே விமானம் பறந்தது. ‘எனோலா கே’ யார் பெயர்? விமானி டிபெட்ஸின் அம்மா பெயர்!

கிளம்பும்போது அந்தக் குண்டு வெடிக்கும் நிலையில் இல்லை. ஓடுபாதையிலேயே விமானம் நொறுங்கினால் தீவே போய்விடும் என்று பயம். பறந்துகொண்டிருந்த விமானத்துக்குள் குனிந்து, வெடிமருந்தைக் கையால் செருகினார் கடற்படை அதிகாரி பார்சன்ஸ்!

நாகசாகி குண்டின் அதே உருவத்தில், சாதாரண வெடிமருந்து நிரப்பி ஒத்திகைக் குண்டுகள் செய்தார்கள். செல்லப் பெயர் ‘பூசணிக்காய்’. ஜப்பான் மீது விழுந்த பூசணிக்காய்கள் மொத்தம் 49!

ஹிரோஷிமா குண்டின் பாகங்களை ஜூலை 26ல் டினியனில் இறக்கிய கப்பல் இண்டியானாபோலிஸ். நாலே நாளில் ஜப்பானிய நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 1,195 பேர். பிழைத்தவர்கள் 316 பேர்!

போர் முடிந்தது, தளம் காலியானது. காடு உள்ளே வந்தது. என்ன மரம் தெரியுமா? அங்கே ‘தங்கன்தங்கன்’. நம்மூரில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுகிறோமே, அதே சவுண்டல்!

குண்டு ஏற்றிய இரண்டு பள்ளங்களும் மண் மூடிக் கிடந்தன. 2004ல் மறுபடி தோண்டித் திறந்தார்கள். இப்போது மேலே கண்ணாடிக் கூரை!

ஒரு காலத்தில் பல்லாயிரம் படைவீரர்கள் நெரிந்த தீவு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 2,000 மட்டுமே!

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? அமெரிக்க விமானப்படை திரும்பி வந்துவிட்டது! காட்டை வெட்டிப் பழைய ஓடுபாதைகளைத் தோண்டி எடுக்கிறார்கள். மீட்கப்போகும் பரப்பு 2 கோடி சதுர அடிக்கும் மேல்!